சாரலிலும் சித்திரையிலும் நிற்கிற ஓவர்கிளாக்: உங்கள் கிராபிக்ஸ் கார்டின் எண்ணை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

செங்கோட்டையில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று வீட்டுக்குள் நுழைந்தால் கம்ப்யூட்டர் மேசைமேல் வைத்த காகிதம் நிற்காது. அந்த நாட்களில் எவ்வளவு வேலை கொடுத்தாலும் என் கிராபிக்ஸ் கார்டு 62 டிகிரியைத் தாண்டாது. அதே கார்டு, அதே அறை, சித்திரை மதியம் 2 மணி, தலைக்கு மேலே காலையிலிருந்து வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் என்றால் 79 டிகிரி. சாரல் நேரத்தில் மூன்று நாள் உட்கார்ந்து தேடி, இதுதான் என் கார்டின் எல்லை என்று முடிவு கட்டி, கம்பெனி அளவுக்கு மேலே ஏற்றி வைத்த வேக எண்கள், அடுத்த சித்திரையில் ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றுகிற வேலை) 80 சதவீதம் ஓடியிருந்தபோது கைவிட்டன. மறுநாள் காலை பெண் வீட்டார் பென் டிரைவ் வாங்க வருவதாக இருந்தது. எல்லாவற்றையும் கம்பெனி அளவுக்கு இறக்கிவிட்டு விடிய விடிய மறுபடி ஓட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஓவர்கிளாக் செய்கிற, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே கார்டை ஓட்டுகிற முறையே மாறிவிட்டது. சோதனை மென்பொருளில் ஸ்கோர் எவ்வளவு வந்தது என்பதை நான் இப்போது இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். காலையில் குளிர்ந்த நிலையில் போட்டவுடன் நிற்கிறதா, அக்னி நட்சத்திர மதியத்தில் மூன்று மணி நேரம் ஓடினாலும் நிற்கிறதா, இந்த இரண்டு முனையும் தாண்டினால்தான் அந்த எண் என் கணக்கில் சேரும். இந்தப் பக்கம் தென்காசி, புளியரை, அந்தப் பக்கம் தென்மலை, புனலூர் என்று மலைக்கு இரண்டு பக்கத்து நண்பர்களுக்கும் இதையேதான் சொல்லிக் கொடுக்கிறேன்.

கார்டுக்குள் என்ன நடக்கிறது

ஒரே மாடல், ஒரே பெட்டி என்றாலும் எந்த இரண்டு சிப்பும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜில் வேகமாக ஓடும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். சுமாரான சிப்பும் தாங்க வேண்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் தாராளமாக வோல்டேஜ் கொடுத்து, வேகத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த மிச்சத்தைத்தான் நாம் எடுக்கப் போகிறோம்.

என்விடியா 2012-ல் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு ஜிபியு பூஸ்ட் என்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதிலிருந்து வெப்பம், வாட், வோல்டேஜ் மூன்றையும் பார்த்துக் கார்டே தன் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்கிறது. என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060. பெட்டியில் பூஸ்ட் 1,777 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும், ஆனால் கேம் ஓடும்போது 1,900 பக்கத்தில் நிற்கும். ஆகவே நீங்கள் +100 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் கார்டை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கட்டிப்போடவில்லை. இந்த வோல்டேஜுக்கு இந்த வேகம் என்று கார்டுக்குள் ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோடு முழுவதையும் 100 மேலே தூக்குகிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்கிற பாதி விஷயங்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

எவ்வளவு கிடைக்கும்? என் கார்டில் 3டிமார்க் என்கிற சோதனை மென்பொருளின் டைம் ஸ்பை கிராபிக்ஸ் ஸ்கோர் கம்பெனி நிலையில் 8,720. எல்லாம் முடிந்தபோது 9,310. ஏறக்குறைய ஏழு சதவீதம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிற கேம் 64 ஓடும். 60-ஐ 80 ஆக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. அடுத்தவர் எண்ணை எடுத்து உங்கள் கார்டில் போடாதீர்கள். புளியரையில் என் சித்தப்பா மகனிடம் என்னுடைய அதே மாடல் கார்டுதான் இருக்கிறது, ஒரே மாதத்தில் ஒரே கடையில் வாங்கினோம். என் எண்களை வாங்கிப்போய் வைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு போன் செய்தான். "அண்ணே, நீங்க வச்ச அதே நம்பர்தானே வச்சேன், இங்க பத்து நிமிஷத்துல கேம் தானா வெளியே வந்துருதே." அவன் கார்டு கடைசியில் +90-இல்தான் நின்றது, என்னுடையது +135. யார் தவறும் இல்லை, சிப் அப்படி.

கை வைப்பதற்கு முன்னால்

முதலில் கேபினெட்டைத் திறந்து தூசியைத் தட்டுங்கள். கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள், ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். தூசியோடு ஓவர்கிளாக் செய்வது வீண் வேலை.

ப்ராசஸர், ரேம் இரண்டில் எதையாவது ஏற்றி வைத்திருந்தால் இந்த நாட்களுக்கு அவற்றைக் கம்பெனி நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரேம் சரியில்லாமல் கேம் விழுந்தாலும் பார்க்கிறவருக்குக் கார்டு விழுந்த மாதிரிதான் தெரியும். இதில் ஒரு வாரம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் கரண்ட். நம் பக்கம் ஆடிக் காற்றில் மரக்கிளை கம்பியில் உரசி விளக்கு கண் சிமிட்டுவது எல்லோரும் பார்ப்பதுதான். சோதனை நடக்கும்போது ஒரு சிமிட்டல் வந்து கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால், அது கார்டின் குற்றமா கரண்டின் குற்றமா என்று தெரியாமல் நல்ல எண்ணைக் குறைத்துவிடுவீர்கள். யூபிஎஸ் இருந்தால் நல்லது, ஆனால் அதன் கொள்ளளவைப் பாருங்கள். சாதாரண 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். ப்ராசஸர், கார்டு, மானிட்டர் மூன்றும் சேர்ந்து அதைத் தாண்டினால் யூபிஎஸ் கூவிவிட்டு அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) பேர் தெரியாத ரகமாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

வேண்டிய மென்பொருள் அதிகம் இல்லை. வேகத்தை ஏற்றி இறக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், எந்தக் கம்பெனி கார்டானாலும் வேலை செய்யும், இலவசம். வெப்பத்தையும் ஹாட் ஸ்பாட்டையும் (சிப்பில் அதிகம் சூடாகிற இடம்) பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ. ஸ்கோர் பார்க்க யூனிஜின் சூப்பர்பொசிஷன், 3டிமார்க். மெமரியில் பிழை வருகிறதா என்று எண்ணிச் சொல்ல ஓசிசிடி. கடைசியாக ஒரு நோட்டு, ஒரு பேனா. கம்ப்யூட்டர் தொங்கும்போது அதற்குள் டைப் செய்து வைத்த குறிப்பும் சேர்ந்து தொங்கும், அதனால் காகிதத்தில் எழுதுங்கள்.

நோட்டின் முதல் வரி, எதையும் மாற்றாமல் எடுத்த ஸ்கோர். சூப்பர்பொசிஷனை மூன்று முறை ஓட்டி மூன்றையும் எழுதுங்கள், பக்கத்தில் அறை வெப்பம், கார்டின் உச்ச வெப்பம், ஹாட் ஸ்பாட், வாட், மணி. ஹாட் ஸ்பாட் சாதாரண வெப்பத்தைவிட 10 முதல் 15 டிகிரி மேலே இருப்பது வழக்கம். 25, 30 என்று விலகியிருந்தால் உள்ளே சிப்பின் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது அந்தச் சூட்டை வாங்குகிற ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். புனலூர்ச் சேட்டன் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டைக் கொண்டுவந்தார், ஓவர்கிளாக் செய்யச் சொல்லி. சாதாரண வெப்பம் 74, ஹாட் ஸ்பாட் 103. கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் திருநீறு மாதிரி உதிர்ந்தது. புதுப் பேஸ்ட் வைத்ததும் ஹாட் ஸ்பாட் 84-க்கு இறங்கி, எதையும் ஏற்றாமலேயே வேகம் 45 மெகாஹெர்ட்ஸ் கூடிவிட்டது. அவருக்கு அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டு போனார், நானும் அதையேதான் சொன்னேன்.

கோர் வேகம்

ஆஃப்டர்பர்னரைத் திறந்து பவர் லிமிட், டெம்பரேச்சர் லிமிட் இரண்டையும் கடைசி வரை தள்ளுங்கள். பயப்பட வேண்டாம், கம்பெனி அனுமதிக்கிற எல்லைக்கு மேல் அது போகவே போகாது. கோர் வோல்டேஜ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும், அதைத் தொடாதீர்கள். கிடைக்கிற லாபம் ஒன்றிரண்டு படி, கூடுகிற சூடு அதைவிட அதிகம், நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது. ஃபேனைத் தற்காலிகமாக 70 சதவீதத்தில் நிறுத்துங்கள், சோதனைக்குச் சோதனை வெப்பம் மாறாமல் இருக்கும்.

இப்போது கோர் கிளாக்கை, அதாவது கார்டின் முதன்மைச் சிப்பின் வேகத்தை, +30 வையுங்கள், சூப்பர்பொசிஷன் ஒரு முறை. நின்றால் +60. நின்றால் +90. ஒவ்வொன்றுக்கும் ஸ்கோரை எழுதுங்கள். +90 தாண்டியதும் 15, 15 ஆக ஏறுங்கள். 15 ஏன் என்றால் இப்போதைய என்விடியா கார்டுகள் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் ஏறி இறங்கும். +100-க்கும் +104-க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்வதில் பயன் இல்லை.

ஒரு கட்டத்தில் விழும். எப்படி விழும் என்று கவனமாகப் பாருங்கள். கோர் தாங்கவில்லையென்றால் பெரும்பாலும் படம் உறைந்து நிற்கும், திரை இரண்டு நொடி கறுக்கும், பிறகு டெஸ்க்டாப் திரும்ப வரும், ஓடிக்கொண்டிருந்த பெஞ்ச்மார்க் (சோதனை) காணாமல் போயிருக்கும். கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லவில்லையென்றால் விண்டோஸ், கார்டை இயக்குகிற மென்பொருளான டிரைவரை மறுபடி தொடங்கிவிடும், அந்தக் கறுப்பு அதுதான். விண்டோஸின் பதிவேடான ஈவண்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். அப்படி விழுந்த பிறகு கம்ப்யூட்டரை முழுக்க ரீஸ்டார்ட் செய்யுங்கள். செய்யாமல் அடுத்த சோதனைக்குப் போனால் கார்டு சில சமயம் மெதுவான நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும், ஸ்கோர் பொய் சொல்லும்.

என் கார்டு +180-இல் விழுந்தது. +165-இல் முழுதாக ஓடியது. முதல் தடவை நான் +165-ஐ அப்படியே வைத்துக்கொண்டேன். அதுதான் சித்திரையில் கல்யாண வீடியோவைக் கெடுத்த எண். விழுந்த இடத்திலிருந்து ஒரு படி இறங்கினால் அது தற்காலிக எண், அவ்வளவுதான். நோட்டில் எழுதிவிட்டு, கோரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மெமரிக்குப் போங்கள்.

மெமரி கொஞ்சம் தந்திரமானது

ஆஃப்டர்பர்னரில் 3060-இன் சொந்த மெமரி வேகம் 7,501 என்று காட்டும். உண்மையில் அது 15 ஜிபிபிஎஸ் (ஒரு பிட் பாதைக்கு நொடிக்கு 15 கிகாபிட்), இரண்டில் ஒரு பங்கைக் காட்டுகிறது. +500 வைத்தால் 16 ஜிபிபிஎஸ் ஆகிறது, 192 பிட் பாதையில் நொடிக்கு 360 ஜிபியாக இருந்தது 384 ஆகிறது. 4கே வீடியோ, பெரிய டெக்ஸ்சர் உள்ள கேம், பிளெண்டர் (3டி மென்பொருள்) வேலை என்றால் இது கோரைவிட அதிகமாகவே கைகொடுக்கும்.

100, 100 ஆக ஏற்றுங்கள். இங்கே கோர் மாதிரி சட்டென்று விழும் என்று காத்திருக்கக்கூடாது. இப்போதைய பல கார்டுகளில் மெமரிக்குப் பிழை கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும் வசதி இருக்கிறது, ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள 3080, 3090 போன்றவற்றில் இது நன்றாகவே தெரியும். வேகம் எல்லை மீறினால் தகவல் தப்பாகப் போகிறது, கார்டு அதைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்புகிறது, திரையில் ஒரு கோளாறும் தெரியாது, ஆனால் அந்த மறுபடி அனுப்புகிற நேரத்தில் வேகம் குறைகிறது. ஆகவே மெமரியில் பார்க்க வேண்டியது ஸ்கோரைத்தான். என் நோட்டில் +700, +800, +900 வரை ஒவ்வொரு படிக்கும் ஸ்கோர் கொஞ்சம் ஏறியது. +1,000-இல் ஏறவில்லை. +1,100-இல் +800-க்குக் கீழே போய்விட்டது, ஆனாலும் படம் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நோட்டு இல்லாமல் வெறும் கண்ணை நம்பியிருந்தால் +1,100 ஜம்மென்று ஓடுகிறது என்று வைத்துவிட்டு, வேகத்தை இழந்துகொண்டு, வேகம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஸ்கோர் கடைசியாக ஏறிய இடத்திலிருந்து 200 இறங்குங்கள். +900 என்றால் +700. அதோடு ஓசிசிடியில் விடியோ மெமரி சோதனையை அரை மணி ஓட்டுங்கள். ஒரு பிழை காட்டினாலும் இன்னும் 100 இறக்கம். ஒன்றுதானே, கண்ணுக்குத் தெரியாதே என்று விடாதீர்கள், ரெண்டர் செய்கிறவர்களுக்கு அந்த ஒரு பிழை நடு ஃபிரேமில் பச்சைக் கட்டமாக வந்து நிற்கும்.

மெமரி நிஜமாகவே மிஞ்சிப் போனால் எப்படி இருக்கும் என்பதையும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. முதலில் இருட்டான இடங்களில் மட்டும் ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளிகள் மின்னும். கேமரா திரும்பும்போது மறையும், நின்றால் வேறு இடத்தில் வரும். இன்னும் ஏற்றினால் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். கோர் கோளாறு வேறு மாதிரி, ஒரு சுவரோ மரமோ திடீரென்று நீண்ட முக்கோணமாகத் திரையின் குறுக்கே இழுபட்டு அடுத்த நொடி சரியாகிவிடும். புள்ளி, கட்டம் என்றால் மெமரியைக் குறையுங்கள். முக்கோணம், உறைதல், கறுப்பு என்றால் கோர். கம்ப்யூட்டரே மொத்தமாக அணைந்து தானாக மறுபடி ஆன் ஆனால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் அல்லது வீட்டுக் கரண்ட், கார்டின் எண்ணை அதற்காகக் குறைக்காதீர்கள்.

இரண்டையும் சேர்த்து, பிறகு உண்மையான சோதனை

கோரில் தற்காலிக எண், மெமரியில் இறக்கிய எண், இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள். தனித்தனியாக நின்றது சேர்ந்து நிற்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே வாட்டைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன, 3060-க்கு அது 170 வாட் பக்கம். மெமரி அதிகம் எடுத்துக்கொண்டால் கோருக்குக் கிடைப்பது குறையும்.

இப்போது பலர் கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கிற ஃபர்மார்க் என்கிற மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, நின்றுவிட்டது, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இது முக்கியமான தவறு, ஏன் என்று சொல்கிறேன். ஃபர்மார்க் கார்டைப் பிழிந்து எடுக்கும், வாட் உடனே எல்லையைத் தொடும், வாட் எல்லையைத் தொட்டதும் கார்டு தன் வேகத்தைக் கீழே இறக்கிவிடும். 1,500, 1,600 என்று ஓடும். நீங்கள் கஷ்டப்பட்டு ஏற்றிய 2,040 மெகாஹெர்ட்ஸ் அங்கே ஒரு நொடிகூடச் சோதிக்கப்படவில்லை. கார்டு தன் உச்ச வேகத்துக்குப் போவது வேலை குறைவாக இருக்கும்போதுதான். கேம் மெனு, லோடிங் திரை, பழைய கேம், பேச்சுவார்த்தைக் காட்சி, வீடியோ பார்த்துக்கொண்டே ஆல்ட் டேப் அடிக்கிற நேரம், இப்படி. என் கார்டு ஒரு மணி நேரம் பெரிய சண்டையில் நின்றுவிட்டு, கேமை நிறுத்தி வைத்துத் தேநீர் எடுத்து வந்து உட்கார்ந்ததும் மெனுவில் விழுந்தது. மெனுவில் 52 டிகிரி, 90 வாட்கூட இல்லை, வேகம் மட்டும் கோட்டின் உச்சியில்.

குளிர் முனையில் இருக்கிற ஆபத்தும் இதே ரகம். வெப்பம் ஏற ஏற ஜிபியு பூஸ்ட் தானாகவே 15, 15 ஆக வேகத்தைக் குறைக்கிறது. திருப்பிப் பார்த்தால், குளிர்ந்திருக்கும்போது அது நீங்கள் நினைத்ததைவிட இரண்டு மூன்று படி மேலே ஓடுகிறது. சாரல் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு முதல் நிமிடத்திலேயே கேம் விழுந்து, மறுபடி போட்டால் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் காரணம் இதுதான். சூடு முனையில் கதை வேறு. சிப் சூடானால் அதே வேகத்துக்கு அதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது, மின் கசிவும் கூடுகிறது, குளிரில் சரியாக இருந்த புள்ளி சூட்டில் தள்ளாடுகிறது.

அதனால் நான் ஓட்டுகிற சோதனைகள் பல மாதிரி. காலையில் முதல் வேலையாக, கார்டு அறை வெப்பத்தில் இருக்கும்போதே, ஒரு பழைய லேசான கேமை ஃபிரேம் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் பத்து நிமிடம். பிறகு 3டிமார்க்கின் டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட், 20 முறை திரும்பத் திரும்ப ஓடும், ஃபிரேம் நிலைத்தன்மை 97 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் தேர்ச்சி. பணம் கட்டி வாங்க விருப்பம் இல்லையென்றால் யூனிஜினின் இலவச ஹெவனை மணிக்கணக்கில் சுற்ற விடுங்கள், அதுவும் நன்றாகவே பிடித்துக்கொடுக்கும். ரே டிரேசிங் (ஒளி போகிற வழியைக் கணக்கிட்டுப் படம் வரைகிற முறை) உள்ள கேம் ஒன்று கட்டாயம், சாதாரணமாக நிற்கிற எண் ரே டிரேசிங்கில் விழுவது சகஜம், 3டிமார்க்கின் ரே டிரேசிங் சோதனையான போர்ட் ராயல் ஓட்டினாலும் தெரிந்துவிடும். கடைசியாக நீங்கள் தினமும் செய்கிற வேலை, எனக்கு அது நீளமான வீடியோ ரெண்டர், உங்களுக்கு உங்கள் கேம்.

எங்கே விழுந்தாலும் கோரில் 15 குறைத்து அந்தச் சோதனையை மட்டும் இல்லாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். இரண்டு வார இறுதிகள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதத்தில் சித்திரையை வரவழைப்பது

வெயில் காலம் வரும்வரை காத்திருக்க முடியாது இல்லையா. நான் செய்வது இது. ஜன்னலைச் சாத்துகிறேன், அறை ஃபேனை நிறுத்துகிறேன். ஆஃப்டர்பர்னரில் கார்டின் ஃபேனை 70-லிருந்து மெல்ல மெல்ல 45, 40 என்று இறக்குகிறேன், கார்டின் வெப்பம் நான் சித்திரையில் பார்த்த 79-ஐத் தொட்டு அங்கேயே நிற்கும் வரை. உங்கள் ஊர் வெயிலில் உங்கள் கார்டு எவ்வளவு போகும் என்று தெரியாவிட்டால் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ஹாட் ஸ்பாட்டையும், உங்கள் கார்டு காட்டினால் மெமரி வெப்பத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஹாட் ஸ்பாட் 100-ஐ நெருங்கினால் ஃபேனைக் கூட்டிவிடுங்கள், ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110-இல் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவு தூரம் விடாதீர்கள். இந்த நிலையில் ஒரு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், ஒரு மணி நேரம் கேம்.

என் +165 இதில் 11-ஆவது நிமிடம் விழுந்தது. +150 நாற்பது நிமிடம் தாங்கியது. +135 முழுதாக நின்றது, மறுநாளும் நின்றது. 30 மெகாஹெர்ட்ஸ் இழப்பு என்பது ஸ்கோரில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த ஒரு சதவீதத்துக்காகத்தான் அன்றைக்கு இரவு முழுக்கக் கண் விழித்திருக்கிறேன்.

முடிந்ததும் ஃபேனை 40-லேயே மறந்துவிட்டுப் போகாதீர்கள். எந்த வெப்பத்துக்கு எவ்வளவு ஃபேன் வேகம் என்று சொல்கிற ஃபேன் கர்வை ஒழுங்காகப் போட்டு வையுங்கள். எனக்கு 50 டிகிரியில் 40 சதவீதம், 65-இல் 60, 75-இல் 80. சத்தம் வரும். மேசை ஃபேன் ஓடுகிற அறையில் அது தனியாகக் கேட்காது.

நம் ஊருக்கு நான் அதிகம் சொல்வது அண்டர்வோல்ட்

மேலே சொன்னது எல்லாம் வேகத்தைக் கடைசி வரை எடுக்கிற வழி. ஏசி இல்லாத அறை, மேல் மாடி, வெயில் என்றால் இன்னொரு வழியைத்தான் நான் முதலில் சொல்வேன். கிட்டத்தட்ட அதே வேகம், ஆனால் குறைந்த வோல்டேஜ். மின் செலவு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும், ஆகவே வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தாலே சூடு கணிசமாக இறங்கிவிடும்.

ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் அந்தக் கோடு திறக்கும். முதலில் கோர் ஸ்லைடரை மைனஸ் 200 வரை இழுத்துக் கோடு முழுவதையும் கீழே இறக்குங்கள். பிறகு கீழே 900 மில்லிவோல்ட் இருக்கிற புள்ளியை மட்டும் பிடித்து 1,860 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி, டிக் குறியை அழுத்துங்கள். அந்தப் புள்ளிக்கு வலது பக்கம் கோடு தட்டையாகிவிடும். இனிமேல் கார்டு 900 மில்லிவோல்ட்டுக்கு மேல் கேட்காது. நின்றால் 887, 875 என்று இடது பக்கப் புள்ளிகளுக்கு மெல்ல நகருங்கள், விழுந்தால் வலது பக்கம். சோதனைகள் அதேதான், குளிர் முனை, சூடு முனை, லேசான வேலை, கனமான வேலை எல்லாம்.

என் கார்டில் 1,860-ஐ 887 மில்லிவோல்ட்டில் வைத்து மெமரி +700 கொடுத்தேன். 170 வாட் எடுத்தது 135 பக்கம் வந்தது, சித்திரை மதியத்திலும் 70 டிகிரியைத் தாண்டவில்லை, ஸ்கோர் கம்பெனி நிலையைவிடக் கொஞ்சம் மேலேயே இருந்தது. பங்குனி முதல் வைகாசி வரை நான் ஓட்டுவது இந்த ப்ரொஃபைல். சாரல் தொடங்கியதும் +135-க்கு மாறிக்கொள்கிறேன். ஆஃப்டர்பர்னரில் ஐந்து ப்ரொஃபைல் சேமிக்கலாம், முதலாவதில் வெயில், இரண்டாவதில் சாரல்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஆஃப்டர்பர்னரே வேண்டாம், டிரைவரோடு வருகிற அட்ரினலினில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் ட்யூனிங், அதில் கஸ்டம். ஆர்எக்ஸ் 6000 வரிசையில் உச்ச வேகம், வோல்டேஜ், மெமரி, பவர் லிமிட் நான்கும் அங்கேயே இருக்கும். பவர் லிமிட்டைக் கூட்டி, வோல்டேஜை 25, 25 மில்லிவோல்ட்டாக இறக்கி வந்தாலே கார்டு தானாக மேலே ஓடும். லேப்டாப்புக்கு நான் ஓவர்கிளாக் சொல்வதே இல்லை, அண்டர்வோல்ட் மட்டும் போதும், அதற்குள் ஏற்கெனவே காற்றுக்கு இடம் இல்லை.

சேமிப்பது

விண்டோஸ் தொடங்கும்போதே ஓவர்கிளாக்கும் தொடங்குகிற மாதிரி ஒரு பட்டன் ஆஃப்டர்பர்னரில் இருக்கிறது. ஒரு வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடிய பிறகு மட்டும் அதை அழுத்துங்கள். அவசரப்பட்டு அழுத்தி, எண் தவறாக இருந்தால் டெஸ்க்டாப் வந்ததும் தொங்கும், ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி தொங்கும். அப்படி மாட்டிக்கொண்டால் சேஃப் மோடில் உள்ளே போய் ஆஃப்டர்பர்னரை நீக்கிவிடுங்கள், கார்டு பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த எண்கள் எதுவும் கார்டுக்குள் எழுதப்படுவதில்லை.

புது டிரைவர் போட்டால், புதிதாக ஒரு பெரிய கேம் வாங்கினால், மறுபடி ஒரு மணி நேரம் சோதியுங்கள். பழைய டிரைவர் தொடாத மூலையைப் புதியது தொடும். ஏதாவது கேம் விழுந்தால் அந்தக் கேமைத் திட்டுவதற்கு முன்னால் ப்ரொஃபைலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பூஜ்யத்திலும் விழுந்தால் கேமின் கோளாறு, நின்றால் உங்கள் எண்ணில் இன்னும் 15 இறக்க வேண்டும். நோட்டில் தேதியோடு எழுதி, அந்த நோட்டைக் கேபினெட் பக்கத்திலேயே வையுங்கள். என் நோட்டில் இப்போது நான்கு சித்திரை ஆகிவிட்டது, கடைசிப் பக்கத்தில் +135 அப்படியே நிற்கிறது, பேஸ்ட் மாற்றிய தேதி மட்டும் புதிதாக ஏறியிருக்கிறது.